தமிழர் யாரும் வராத கண்காட்சி

அந்தக் கண்காட்சிக்கு என்னைக் கூப்பிட்டவர் கீழ்வீட்டு அக்கா. கூப்பிட்ட விதமே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒஸ்லோவில் குரோருட் பகுதியின் அடுக்குமாடி ஒன்றுக்கு நாங்கள் குடிவந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கணவருக்கு மென்பொருள் வேலை. நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தவள். இங்கே வந்த பிறகு மொழி வகுப்புக்குப் போவதும், மற்ற நேரங்களில் ஜன்னலோரம் நின்று கார் நிறுத்துமிடத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். எங்களுக்குக் கீழ் மாடியில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். அவருடைய கணவர் பஸ் ஓட்டுநர். ஒரே மகள், பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் பார்த்தால் அக்கா சிரிப்பார். கறிவேப்பிலை எந்தக் கடையில் புதிதாக வந்திருக்கிறது என்று சொல்வார். அதற்கு மேல் பேச்சு போனதில்லை. நாங்கள் பேசுவது அவர்களுக்கு சினிமாத் தமிழ். அவர்கள் பேசுவதில் பாதி எங்களுக்குப் புரிய நேரமாகும். இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளியே நின்றோம்.

அப்படிப்பட்டவர் ஒரு மாலை என் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே வராமலே கேட்டார்.

"நீர் படம் பாக்கிறனீரோ?"

"சினிமாவா அக்கா?"

"இல்லையப்பா. கீறின படம். ஸ்பெயின்காரர் கீறினது. சென்ரத்திலை ஒரு உட்ஸ்டில்லிங் போட்டிருக்கினம்."

கீறின படம் என்றதும் யாரோ படத்தைக் கிழித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் ஊரில் வரைவதைத்தான் கீறுவது என்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. சென்ரம் என்றால் நகரத்தின் மையம், உட்ஸ்டில்லிங் என்றால் கண்காட்சி. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார். சரி என்றேன். படியில் இரண்டு அடி இறங்கியவர் திரும்பி, "எங்கட ஆக்களிட்டை இதைப் பற்றிக் கதையாதையும்" என்றார்.

"ஏன் அக்கா?"

"சும்மா. பேந்து நையாண்டி பண்ணுவினம்."

ஓவியம் பார்க்கப் போவதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அவர் வீட்டில் ஒருமுறை தேநீர் குடித்திருக்கிறேன். சுவரில் ஒரு நாட்காட்டியும் சாமி படங்களும்தான் இருந்தன. என் கணவரிடம் சொன்னபோது, "உன்னை ஏதாவது கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகப் போறாங்க, பார்த்துக்க" என்றார். அவர்கள் ஊர்ப் போரை நிறுத்த நார்வே நடுவில் நின்று நடத்திய அமைதிப் பேச்சுகள் தடுமாறிக்கொண்டிருந்த காலம். யார் எந்தப் பக்கம் என்பது இந்த ஊரில் படிக்கட்டுக்குப் படிக்கட்டு மாறும் என்று அவருடன் வேலை செய்த யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஞாயிறன்று அக்கா ஒரு பெரிய தோள்பையுடன் வந்தார். சுரங்க ரயிலில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கலைக்கூட வாசலில் பைகளை வைக்கப் பூட்டுப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் பையை வைத்துப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். என் கைப்பைக்கும் அதிலேயே இடம் இருக்குமே என்று நான் நீட்டியபோது, "உமக்கு வேற பெட்டி எடும்" என்றார்.

உள்ளே அறை அறையாகப் போனது கண்காட்சி. போன நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை ஸ்பானிய ஓவியம் எப்படி மாறி வந்தது என்று வரிசையாக வைத்திருந்தார்கள். முதல் அறையில் வெயில். கடற்கரையில் வெள்ளை ஆடைப் பெண்கள், விசிறி, ஈரமான மணல். ஒஸ்லோ நவம்பரிலிருந்து அதற்குள் நுழைந்தால் கண் கூசியது. அக்கா அந்த அறையில் எல்லாவற்றையும் நின்று பார்த்தார். இரண்டாவது அறையில் மேசையும் கிதாரும் புட்டியும் உடைந்து துண்டுகளாகக் கிடந்தன. அங்கே அவர் நடையில் வேகம் கூடியது. மூன்றாவது அறையில், "நீர் ஆறுதலாப் பாத்துக்கொண்டு வாரும். எனக்குக் கால் உளையுது, எங்கையாவது இருக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அறையின் நடுவிலேயே ஒரு நீள இருக்கை காலியாக இருந்தது.

நெடுநேரம் கழித்து வாசலில்தான் அவரைக் கண்டேன். பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தார். போகும்போது அவர் தோளை இழுத்துச் சாய்த்த பை இப்போது தொளதொளவென்று தொங்கியது.

"எப்பிடி, பிடிச்சுதோ?" என்றார்.

"பாதி புரியலை அக்கா."

"அப்ப வாற முறையும் வருவம்."

அவருக்கு வாரக்கடைசி வேலை இல்லாத ஞாயிறுகளிலெல்லாம் போனோம். ஒவ்வொரு முறையும் கனத்த பை, தனிப் பெட்டி, மூன்றாவது அறையில் பிரிவு, திரும்பும்போது காலிப் பை. நான் ஏதோ ஒன்றுக்குத் துணையாகக் கூட்டிவரப்படுகிறேன் என்பது நன்றாகத் தெரிந்தது. எதற்கு என்பதுதான் தெரியவில்லை. வீட்டில் தன் கணவரிடம் "மேல்வீட்டு இந்தியக்காரப் பிள்ளையோடை போறன்" என்று அக்கா சொல்வதைப் படிக்கட்டில் கேட்டிருக்கிறேன். அந்த வார்த்தையில் நான் ஒரு நற்சான்றிதழ் மாதிரி இருந்தேன். பையில் என்ன இருக்கும் என்று மொழி வகுப்பில் உட்கார்ந்துகொண்டு யோசிப்பேன். கடவுச்சீட்டுகள், துண்டறிக்கைகள், இன்னும் மோசமானவை. நாளைக்குப் போலீஸ் வந்தால் கூட நின்றவள் நான்தானே. போகாமல் இருந்துவிடலாமே என்று என் கணவர் கேட்டார். போகாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த ஊரில் ஞாயிறன்று என்னை எங்காவது கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

எங்களைச் சந்தேகப்பட இன்னொருவரும் இருந்தார். நடு அறைகளின் காவலுக்கு நின்ற வயதான நார்வேப் பெண். ஒரே ஆட்கள், ஒரே கண்காட்சி, திரும்பத் திரும்ப. மூன்றாம் முறை வந்தபோது அவர் நான் போகிற அறைக்கெல்லாம் பின்னாலேயே வந்தார். ஓவியத்தின் பக்கத்து அட்டையைப் படிக்க நான் குனிந்தால் தொண்டையைச் செருமுவார். "மறுபடியும் நீங்களா?" என்று ஒருமுறை நார்வேஜிய மொழியில் கேட்டார். "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று வகுப்பில் படித்த வாக்கியத்தைச் சொன்னேன். நம்பாத முகத்துடன் தலையாட்டினார்.

உண்மையில் எனக்கு எதுவும் பிடித்திருக்கவில்லை. அந்த ஓவியங்களையே நான் நம்பவில்லை. ஸ்பெயினின் உள்நாட்டுப் போர்க் காலத்து அறையில் சிறிய காகிதங்களில் கரிக்கோட்டுப் படங்கள் இருந்தன. சுவரோரம் குந்தியிருக்கும் பெண்கள், வண்டியில் மூட்டை முடிச்சு. அவை புரிந்தன. அதற்கு அடுத்த அறையில்தான் சிக்கல். சர்வாதிகார ஆண்டுகளின் அறை அது. கோணிச் சாக்கைக் கிழித்து, முரட்டு நூலால் திரும்பத் தைத்து, தார் போல எதையோ ஊற்றிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நம் ஊர் அரிசி மண்டியில் கிடக்கிற சாக்கு. இதை ஓவியம் என்று யார் யாரை ஏமாற்றுகிறார்கள்? ஆனால் பார்க்க வேறு வேலை இல்லாததால் அதன் முன்னால் ஞாயிறு ஞாயிறாக நின்றேன். தையல் போட்ட இடங்கள் ஆறாத புண் மாதிரி தெரியத் தொடங்கின. வாயைத் திறந்து பேச முடியாத காலத்தில் செய்தது என்று அட்டையில் இருந்த விளக்கத்தை அகராதி வைத்து வீட்டில் படித்துப் புரிந்துகொண்டேன்.

அக்கா படங்களைப் பார்க்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். அதுவும் சரியில்லை. ஒருநாள் ரயிலில் திடீரென்று சொன்னார்.

"கவனிச்சனீரோ? அந்த அட்டையளிலை பிறந்த இடம், செத்த இடம் போட்டிருக்கு. போருக்குப் பிறகு வாறவை கனபேர் ஒரு நாட்டிலை பிறந்து வேற நாட்டிலை செத்திருக்கினம்."

சொல்லிவிட்டு, காலிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவரைப் பின்தொடர்ந்தேன். காவல் பெண் என்னைப் பின்தொடர, நான் அக்காவைப் பின்தொடர, மூவருமாக அறைகளைக் கடந்தோம். சாக்குகளைத் தாண்டி, கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் தலைவர்களைக் கிண்டல் செய்த அறையைத் தாண்டி, கடைசியில் இருட்டறை ஒன்று இருந்தது. இன்றைய கலைஞர் ஒருவருடைய அசையும் படம் அங்கே திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மனிதர் வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார். அடித்து முடித்ததும் சுவர் பழையபடி அழுக்காகிவிடும். மறுபடி அடிப்பார். கறுப்புத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். இருக்கையில் அக்கா. அவர் பக்கத்தில் ஒரு ஆள். தமிழ் முகம். அக்காவைவிட வயது குறைவு. அந்தப் பூட்டுப் பெட்டியின் சாவியை அவன் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். தலையைக் குனிந்து இருவரும் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சின் நடுவே அக்கா முந்தானை இல்லாத குறைக்குக் கோட்டின் கைப்பகுதியால் கண்ணைத் துடைத்தார்.

நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். கடத்தலாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அக்காவின் கணவர் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார். மகள் வீட்டில் பாடம் படித்துக்கொண்டிருப்பாள். நான் இங்கே துணைக்கு.

ரயிலில் உட்கார்ந்ததும், "இனிமே நான் வரலை அக்கா" என்றேன்.

"ஏன்?"

"நான் பார்த்துட்டேன்."

அவர் முகத்தில் பயம் வந்தது. இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு நான் என்ன நினைத்திருக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண் கலங்கியது.

"அது என்ர தம்பியப்பா."

"தம்பின்னா வீட்டுக்கு வரலாமே?"

"வரேலாது. அதுதானே பிரச்சினை."

அவர் மெல்லிய குரலில் சொன்னார். தம்பி ஊரில் மாணவனாக இருந்தபோது பெரிய இயக்கத்தோடு ஒத்துப்போகாத வேறு ஒரு இயக்கத்தில் இருந்தவன். இங்கே வந்தபிறகு ஒரு சிறு பத்திரிகையில் போரைப் பற்றிக் கேள்விகள் எழுதினான். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ அவனைத் துரோகி என்று கத்தினார்கள். அந்தக் கல்யாணத்தை முன்நின்று நடத்தியவர் அக்காவின் கணவர். சண்டை வேண்டாம், நீ போ என்று மச்சானை அவரே வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு அவன் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது. அவன் ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் தனியாக இருக்கிறான். யாழ்ப்பாணத்தில் படுக்கையில் கிடக்கும் அம்மா தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் தம்பியைப் பார்த்தாயா என்று கேட்கிறார்.

"கோவிலிலை சந்திக்கேலாது, கடையிலை சந்திக்கேலாது, ரயிலிலை சந்திக்கேலாது. எங்கை போனாலும் எங்கட ஆக்கள் ஒராள் நிப்பினம். இஞ்சைதான் ஒரு தமிழரும் வராயினம். ஸ்பெயின்காரன்ர படத்தை ஆர் பாக்க வரப்போகினம்?"

"அப்ப பையில?"

"புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அவன் தனிய என்னத்தைச் சமைக்கிறான்?"

நான் நம்பினேனா? அடுத்த முறை அந்தத் தம்பியின் காதையும் தாடையையும் உற்றுப் பார்த்தேன். அக்காவின் தாடை அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் கொஞ்சம் நிம்மதியாகச் சாக்குப் படத்தின் முன்னால் நின்றேன். தம்பி என்னுடன் பேசவில்லை. தூரத்திலிருந்து பார்த்துத் தலையசைப்பான். நான் எந்தப் பக்கத்து ஆள் என்று அவனுக்கும் சந்தேகம் இருந்தது. "இந்தியாக்காரர் ஏன் உன்னோடை வாறவை எண்டு கேக்கிறான்" என்று அக்கா சிரித்தபடி சொன்னார்.

கண்காட்சி முடிய இரண்டு வாரங்கள் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை மதியம் அக்காவின் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. அக்கா வேலைக்குப் போயிருந்தார். என் கணவர் சோபாவிலிருந்து எழுந்து இடம் கொடுத்தார். அவர் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைத் தொடாமல், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, ஞாயிறு ஞாயிறா அங்கை அப்பிடி என்னத்தைப் பாக்கிறனீங்கள்?"

"ஓவியங்கள்தான் அண்ணா."

"ஓம். என்ன ஓவியம்?"

கேட்ட குரலில் மரியாதை இருந்தது. ஆனால் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. நான் வெயில் கடற்கரையில் தொடங்கினேன். உடைந்த கிதார், கரிக்கோட்டுப் பெண்கள், தைத்த சாக்கு, கிண்டல் படங்கள் என்று அறை அறையாகச் சொன்னேன். வகுப்பெடுத்த பழக்கம் உதவியது. வெள்ளை அடிக்கும் மனிதரிடம் வந்தபோது நிறுத்திக்கொண்டேன்.

"சாக்கைத் தைச்சு வைச்சா அது படமோ?"

"எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்தது."

"அங்கை தமிழர் வேற ஆரும் வாறவையோ?"

"நான் பார்த்ததில்லை அண்ணா."

அது பொய் என்று அவருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். எழுந்து, "நாளைக்கு நானும் வாறன். அந்தச் சாக்கைப் பாப்பம்" என்றார்.

அவர் போனதும் அக்காவுக்குப் போன் செய்தேன். வேலை நேரத்தில் அவர் எடுக்கவில்லை. மாலையில் படிக்கட்டில் பிடித்துச் சொன்னபோது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். தம்பியின் எண்ணை அன்று பலமுறை அழைத்தாராம். அவன் எடுக்கவில்லை.

மறுநாள் மூவருமாக ரயிலில் போனோம். அக்கா பை கொண்டுவரவில்லை. அவருடைய கணவர் சவரம் செய்து, நல்ல கோட்டுப் போட்டிருந்தார். அவர் எதிரில் உட்கார்ந்திருக்க, நாங்கள் இருவரும் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கலைக்கூட வாசலில் அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். புரிந்தது. கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வெயிலையும் கிதாரையும் பார்க்காமல், காவல் பெண் திகைத்துப் பார்க்க, கடைசி அறைக்கு ஏறக்குறைய ஓடினேன்.

தம்பி இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"உங்க அக்கா வீட்டுக்காரர் வந்திருக்கார். இந்தப் பக்கமா போயிடுங்க" என்றேன். அதுதான் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

அவன் எழவில்லை. "உங்களை அக்கா அனுப்பினவவோ, இல்லை அவர் அனுப்பினவரோ?"

"அக்காதான். சீக்கிரம்."

"அப்பிடியோ" என்றான். திரையில் வெள்ளை அடிப்பவரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தான். நான் வெளியே விரட்டுவதே ஒரு பொறி, வெளியே யாரோ காத்திருக்கிறார்கள் என்று அவன் நினைப்பதாக எனக்குத் தோன்றியது. கெஞ்சிக்கூடப் பார்த்தேன். "நீங்கள் போங்கோ. நான் இருக்கிறன்" என்றான்.

திரும்பி வந்தபோது அக்காவின் கணவர் சாக்குப் படத்தின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் அக்கா. என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவருடைய கணவர் அந்தத் தையலை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தார். அட்டையைப் படித்தார். "ம்" என்றார். பிறகு வேறு எதற்கும் நிற்காமல் நேராகக் கடைசி அறைக்கு நடந்தார்.

திரைச்சீலையை விலக்கி உள்ளே போனவர், கண் பழகும்வரை நின்றார். தம்பி எழுந்தான். "அத்தான்" என்றான். அவர் போய் அதே இருக்கையின் மறு நுனியில் உட்கார்ந்தார். தம்பியும் உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவே மூன்று பேர் உட்காரலாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் என் விரல்கள் வலித்தன. திரையில் அந்த மனிதர் சுவர் முழுவதும் வெள்ளை அடித்து முடித்தார். சுவர் மறுபடி அழுக்கானது. அவர் வாளியைத் தூக்கினார்.

"உனக்கு எத்தினை மணிக்கு ரெயின்?" என்றார் அக்காவின் கணவர், திரையைப் பார்த்தபடியே.

"பின்னேரம் ஒண்டு கிடக்கு."

"ம்."

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் எழுந்து, "காணும், போவம்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். குரோருட்டில் கணவரை முன்னால் போகவிட்டு, படிக்கட்டில் அக்கா என்னை நிறுத்தினார்.

"நீங்கள் சொன்னீங்களோ?"

அதுவரை என்னை அவர் நீர் என்றுதான் கூப்பிட்டு வந்தார். அந்த 'நீங்கள்' என்னைத் தள்ளி நிறுத்தியது.

"சத்தியமா இல்லைக்கா."

"உங்களை விட்டா வேற ஆருக்குத் தெரியும்?"

இல்லை என்று மறுபடி தலையாட்டிவிட்டு மேலே ஏறினேன். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் கணவரைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தேன். கேட்டேன். முதலில் இல்லை என்றார். பிறகு, கார் நிறுத்துமிடத்தில் பனி தள்ளும்போது அக்காவின் கணவரிடம், "எங்க வீட்டம்மாவும் உங்க வீட்டம்மாவும் வாராவாரம் அதே படங்களைத்தான் பார்க்கறாங்க, நீங்களும் ஒருநாள் போய்ப் பாருங்களேன்" என்று விளையாட்டாகச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். எனக்கு அது போதும். அந்தக் குளிர்காலம் முழுக்க அவரோடு சரியாகப் பேசவில்லை. கீழே அக்கா என்னோடு பேசவில்லை. கண்காட்சி முடிந்து படங்கள் ஸ்பெயினுக்குத் திரும்பிப் போயிருக்கும். கடைசி ஞாயிறு நான் போகவில்லை.

கோடையில் அக்காவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, நம் ஊரில் மஞ்சள் நீராட்டு என்பது, வைத்தார்கள். ஹவுகன்ஸ்டுவா பக்கம் ஒரு மண்டபம். அழைப்பு எங்களுக்கும் வந்தது. அக்கா வரவில்லை, மகள் கொண்டுவந்து கொடுத்தாள். மண்டபத்தில் நுழைந்ததும் நான் கண்டது தம்பியை. சுவரோரம் ஒரு நாற்காலியில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். சுற்றியிருந்த நாற்காலிகள் காலியாக இருந்தன. சிலர் அவனைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அக்காவின் கணவர் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தவர், எல்லாரும் பார்க்கும்படி இரண்டு தட்டில் சாப்பாடு எடுத்துப் போய், ஒன்றை அவன் கையில் கொடுத்து, மற்றதோடு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிறகு தம்பி என்னிடம் வந்தான். கை கழுவும் இடத்தில் நாங்கள் இருவர் மட்டும்.

"அண்டைக்கு நீங்கள் ஓடி வந்து சொன்னதுக்கு நான் நன்றி சொல்லேல்லை."

"நீங்க என்னை நம்பவே இல்லையே."

"அதில்லை. அவர் வாறாரோ எண்டுதான் நான் பாத்துக்கொண்டு இருந்தனான்." கொஞ்சம் தயங்கினான். "நான்தான் அத்தானுக்கு ரெலிபோன் எடுத்தனான், வெள்ளிக்கிழமை. எனக்கு அலுத்துப் போச்சு. சொந்த அக்காவை இருட்டுக்கை ஒளிச்சுச் சந்திக்கிறது. ஞாயிறு அங்கை கடைசி அறையிலை இருப்பன், வாறதெண்டா வாங்கோ எண்டன். அவர் ஒண்டும் கதைக்கேல்லை. வைச்சிட்டார். அக்கா பயத்திலை என்னைத் தடுத்துப் போடுவா எண்டு அவவின்ர போனை நான் எடுக்கேல்லை."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை எங்கள் சோபாவில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தவர் எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். எனக்கு முதலில் வந்தது கோபம்.

"இதை உங்க அக்காகிட்ட சொன்னீங்களா?"

"இல்லை. சொன்னா என்னோடை கோவிப்பா. இப்பதானே எல்லாம் ஒருமாதிரி வந்திருக்கு."

"உங்க அக்கா என்னைத்தான் சந்தேகப்படறாங்க. அரை வருஷமா என் முகத்தைப் பார்க்கறதில்லை."

அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அல்லது தெரியாத மாதிரி இருந்தானா? அவன் சொன்ன கதையையும் நான் உடனே முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்லவனாகத் தன்னைக் காட்டிக்கொள்ளச் சொல்கிறானோ என்றுகூட வீடு வரும்வரை யோசித்தேன். என் கணவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். "பார்த்தியா" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அதைச் சொல்லும் உரிமை இருந்தது.

அவன் சொன்னது உண்மைதான். சில வாரங்களில் அக்கா மேலே வந்தார். முதல்முறை போலவே உள்ளே வராமல் கதவில் நின்றார்.

"தம்பி சொன்னவன். நான் உம்மைப் பிழையா நினைச்சுப் போட்டன்."

"விடுங்கக்கா."

"உள்ளுக்கை வரட்டோ?"

வந்தார். தேநீர் போட்டேன். மகளின் பள்ளி, ஊரில் அம்மாவின் உடல்நிலை, முதியோர் இல்லத்தில் புது மேலதிகாரி என்று பேசினார். நானும் பேசினேன். ஆனால் பழைய நிலைக்கு வரவில்லை. தவறு தன் பக்கம் என்று தெரிந்த பிறகு அவர் என்னிடம் இன்னும் கவனமாக நடந்துகொண்டார். ஒவ்வொரு பண்டிகைக்கும் தேவைக்கு மேல் பலகாரம் கொடுத்தனுப்பினார். ஞாயிறுகளில் எங்காவது போகலாமா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மறு வருடம் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. சாமான் ஏற்றுகிற அன்று அக்காவின் கணவர் உதவிக்கு வந்தார். கூடவே தம்பி. மெத்தையைப் படிக்கட்டு வளைவில் திருப்ப முடியாமல் இருவரும் மாட்டிக்கொண்டார்கள்.

"அத்தான், உந்தப் பக்கம் சரியுங்கோ."

"சரிச்சா சுவரிலை முட்டும். நீ முதலிலை கீழை இறக்கு."

"நான் சொல்லுறதைக் கேட்டாத்தானே."

"எந்த நாளும் நீ சொல்லுறதைத்தான் எல்லாரும் கேக்கோணும்."

கீழே லாரியின் பக்கத்தில் நானும் அக்காவும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். குரல்கள் உயர்ந்தன. என் கணவர் நடுவில் புகுந்து ஏதோ சொல்ல முயன்று விட்டுவிட்டார். அக்கா மேலே நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு நிதானம் இருந்தது.

"சண்டை பிடிக்கினம்" என்றார். "பிடிக்கட்டும்."